9,500 பவுண்டு வின்ச்: பம்பரில் வெல்டிங்கா, சேஸில் போல்ட்டா?

மிளகுக்கொடி

எல்லோருக்கும் வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம், ஊடே மிளகு. தார் ரோட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு 4 கிலோமீட்டர் மண்பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு இடம் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று ஓடை இறக்கம், அடுத்தது அதைத் தாண்டியதும் வரும் செம்மண் ஏற்றம். போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்து ராத்திரியில் கீழே கொண்டுபோகும்போது அந்த ஏற்றத்தில் மாட்டிக்கொண்டோம். டிராக்டர் வந்து இழுக்க இரண்டு மணி நேரம் ஆச்சு. அப்பா இப்ப நல்லா இருக்கார். ஆனா அந்த இரண்டு மணி நேரத்தை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

வண்டி 2021 மஹிந்திரா தார், டீசல், நாலு சக்கர இழுவை. 9,500 பவுண்டு மின் வின்ச் (வண்டி மாட்டிக்கொண்டால் ரோப்பைச் சுற்றி வெளியே இழுக்கும் கருவி) ஒன்று, ஒயர் ரோப்போட வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பெட்டியைப் பிரிக்கலை. பக்கத்து டவுன் பட்டறையில் கேட்டால், "பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றிப் போடுங்க, பைப்பில் பம்பர் அடிச்சு சேஸில் வெல்டு வெச்சு, அதுமேல வின்ச்சை உட்கார வெச்சிடலாம், இரண்டு நாள் வேலை" என்கிறார்கள். மனசு ஒப்பவில்லை, ஆனால் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. வெல்டிங் சரியா? பேட்டரி தாங்குமா? ரோட்டில் போனால் பிடிப்பார்களா?

அவிநாசி ரோடு பட்டறை

அம்மிணி, முதல்ல அந்தப் பட்டறைக்கு முன்பணம் கொடுத்திருந்தா போனாப் போகுதுன்னு விட்டுடுங்க. வண்டியை விட்டுடாதீங்க.

வின்ச் இழுக்கிற இழுப்பு எந்த வழியா வண்டிக்குப் போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. ரோப்பிலிருந்து அது சுத்துற டிரம்முக்கு, டிரம்மிலிருந்து வின்ச் காலுக்கு, காலிலிருந்து நாலு போல்ட்டுக்கு, போல்ட்டிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து சேஸுக்கு, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துக்கு. இந்த வரிசையில எது நோஞ்சானோ அதுதான் உங்க வின்ச்சோட உண்மையான பலம். பெட்டி மேல 9,500னு எழுதியிருக்கிறது டிரம்மோட கணக்கு மட்டுந்தான். பைப் பம்பர்ல உட்கார வெச்சா, 4 டன் இழுப்பு ஒரு வெல்டு தையல்ல வந்து நிக்கும். சேஸ் நுனியில வெல்டு வெச்சா, வெல்டுக்குப் பக்கத்துல சூடு பட்ட இரும்பு தன் குணத்தை இழந்துடும். அன்னைக்கே உடையாது. 2 வருஷம் அதிர்ந்து அதிர்ந்து மயிரிழை மாதிரி விரிசல் விட்டு, ஒருநாள் இழுக்கும்போது மொத்தமா வரும்.

செய்ய வேண்டியது இது. 6 மில்லிமீட்டருக்குக் குறையாத இரும்புத் தகடு. இரண்டு சேஸ் நுனிக்கும் குறுக்கே, கம்பெனி போட்ட துளைகளிலேயே போல்ட் போட்டு மாட்டணும். புதுத் துளை போட வேண்டி வந்தா டிரில் போடுங்க, கேஸ் வெச்சு ஓட்டை போட விடாதீங்க. சேஸ் உள்ளே காலியான பெட்டி மாதிரி இருக்கும். போல்ட்டை இறுக்கினா பக்கச் சுவர் உள்ளே அமுங்கும். அதுக்கு உள்ளே குழாய்த் துண்டு ஒண்ணு வெச்சு அதுவழியா போல்ட் விடணும். இந்தக் குழாய்த் துண்டைச் சோம்பேறித்தனத்துல விட்டுட்டுப் போற பட்டறைங்க நிறைய.

வின்ச் கால் துளை 10 அங்குலத்துக்கு நாலரை அங்குலம், அதாவது 254க்கு 114 மில்லி. பெரும்பாலான வின்ச்சுக்கு இதே அளவுதான். போல்ட் தலையில வலுவைக் காட்டுற 8.8னு எழுத்து இருக்கணும். கடைக்காரர் கொடுக்கிற எழுத்தில்லாத போல்ட் வேண்டாம். 10 மில்லி 8.8 போல்ட் ஒண்ணே 3 டன்னுக்கு மேல தாங்கும். நீளமும் முக்கியம். நீளமா போயிட்டா துளையோட அடியில போய் முட்டி, இறுகின மாதிரி காட்டும். தகட்டைப் பிடிச்சிருக்காது.

இன்னொண்ணு, தகடு நெளிவில்லாம மட்டமா இருக்கணும். வின்ச்சுங்கிறது மோட்டார், டிரம், கியர்பெட்டின்னு மூணு துண்டு ஒரே கோட்டில நிக்கிற சாமான். வெல்டு சூட்டுல தகடு கோணிச்சுன்னா டிரம் உள்ளேயே இறுகி, வெறும் டிரம்மே சுத்தறதுக்குத் திணறும்.

புதுசு_தென்காசி

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கணும். எப்படியும் செலவு செய்றாங்க, 12,000 பவுண்டு வாங்கியிருந்தா கவலையே இல்லாம இருந்திருக்குமே?

மஞ்சள் ஜிப்ஸி

தம்பி, நல்ல கேள்வி. நானும் 20 வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் நினைத்தேன்.

பொதுவாக வைத்திருக்கும் கணக்கு, ஆள், சாமான் எல்லாம் ஏற்றிய வண்டி எடையில் ஒன்றரை மடங்கு. தார் ஏறக்குறைய 1,750 கிலோ. ஆளும் மூட்டையும் சேர்த்து 2,300 என்று வைப்போம். ஒன்றரை மடங்கு 3,450 கிலோ, அதாவது 7,600 பவுண்டு. 9,500 போதுமானது. 12,000 போட்டால் எடை கூடும், மின்சாரம் கூடுதலாகக் குடிக்கும், தகடும் சேஸும் அதற்கேற்ப வலுவாக வேண்டும்.

ஆனால் 9,500 என்பதே ஒரு பாதி உண்மை. அது டிரம்மின் முதல் அடுக்கில், அதாவது ரோப் கிட்டத்தட்ட முழுக்க வெளியே போயிருக்கும்போது கிடைக்கும் பலம். ரோப் அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற டிரம் பருக்கிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் இழுப்பு குறைந்து, நாலாவது அடுக்கில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் மிஞ்சும். 4,300 கிலோ இழுக்கும் வின்ச், மரம் 6 மீட்டர் தூரத்தில் இருந்தால் 2,600 கிலோ அளவுக்குத்தான் இழுக்கும்.

இப்போது மிளகுக்கொடியின் செம்மண் ஏற்றத்துக்கு வருவோம். 20 டிகிரி ஏற்றம் என்றால் வண்டி எடையில் மூன்றில் ஒரு பங்கு சரிவுக்கே போகும். 2,300 கிலோவுக்கு 790. சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்திருந்தால் அதைப் பிடுங்க வண்டியின் எடை அளவுக்கே இழுப்பு வேண்டும் என்பது அனுபவக் கணக்கு. இரண்டும் சேர்த்து 3,090. பக்கத்து மரத்தில் கட்டினால் வின்ச் நின்றுவிடும், "டூப்ளிகேட் சாமான்" என்று வின்ச்சைத் திட்டுவோம்.

இதற்கு மருந்து பெரிய வின்ச் அல்ல, ஒரு கப்பி. ரோப்பை மரத்துக் கப்பியில் போட்டுத் திருப்பி வண்டிக்கே கொண்டுவந்து மாட்டினால் இழுப்பு இரட்டிப்பு, வேகம் பாதி. ரோப்பும் இரட்டை நீளம் வெளியே போவதால் டிரம்மில் அடுக்கு குறைந்து அந்த வகையிலும் பலம் கூடும். வின்ச் வாங்கிய பணத்தோடு ஒரு நல்ல கப்பியும் வாங்குங்கள். ஆனால் கவனம், அப்போது மரத்தின் மேல் விழும் பாரமும் இரட்டிப்பு. திரும்பி வரும் நுனியை வின்ச் தகட்டிலேயே மாட்டாமல் சேஸின் இழுவைக் கொக்கியில் மாட்டுங்கள்.

வின்ச் பெயரில் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு தகவல். மலைப்பாதைக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் வார்ன் 8274 வெறும் 8,000 பவுண்டுதான். 1974இல் வந்தது. அதை வைத்துக்கொண்டு உலகத்தின் மோசமான சேறெல்லாம் கடந்திருக்கிறார்கள்.

50 ஸ்கொயர்

ஆட்டோ எலக்ட்ரீஷியன், திருச்சி. யாரும் கரண்ட் பக்கம் வரலையேன்னு பார்த்துட்டிருந்தேன்.

9,500 பவுண்டு வின்ச் முழுப் பாரத்துல 400 ஆம்பியர் கிட்ட இழுக்கும். நம்ம வீட்டு மெயின் ஸ்விட்ச்சே 32 ஆம்பியர்தான், அதை வெச்சு நினைச்சுப் பாருங்க. ஆல்டர்னேட்டரால அந்த 400ஐக் கொடுக்க முடியாது, மிச்சம் முழுக்க பேட்டரிதான். ஒரு நிமிஷம் இழுத்தா ஏறக்குறைய 7 ஆம்பியர்-மணி காலி. விடாம 10 நிமிஷம் இழுத்தா பேட்டரி செத்துரும். அதுக்கு முன்னாடி மோட்டார் செத்துரும், ஏன்னா உள்ளே போற நாலரை கிலோவாட்டுல பெரும்பகுதி சூடாத்தான் போகுது. அதனால எஞ்சினை ஓட விட்டு, ஒரு நிமிஷம் இழு, நிறுத்து, மோட்டாரைக் கையால தொட்டுப் பாரு. கை வைக்க முடியலைன்னா காத்திரு.

கேபிள் கணக்கு பாருங்க. பேட்டரியிலிருந்து வின்ச் வரை போய் வர 4 மீட்டர்னு வெச்சுக்குவோம். 16 ஸ்கொயர் (சதுர மில்லி) கேபிள் போட்டா 400 ஆம்பியருல ஒன்னே முக்கால் வோல்ட் கேபிள்லயே தொலைஞ்சிடும். 50 ஸ்கொயர் போட்டா அரை வோல்ட்டு. ஏற்கெனவே பேட்டரி 11க்கு இறங்கி நிக்கிற நேரத்துல அந்த ஒன்னேகால் வோல்ட்டுதான் இழுக்குமா நிக்குமாங்கிறதைத் தீர்மானிக்கும். வெல்டிங் கேபிள் 50 ஸ்கொயர் வாங்குங்க, வளையும்.

எர்த்தை பம்பர்லயோ பாடியிலயோ போட விடாதீங்க. நேரா பேட்டரி மைனஸ்லிருந்து வின்ச் மோட்டார் எர்த் போல்ட்டுக்கு. பிளஸ் மாதிரியே அதே தடிமன். பாடி எர்த்துல விட்டா 400 ஆம்பியரும் பெயிண்ட், துரு, எஞ்சின் எர்த் பட்டைன்னு வழி தேடிப் போகும்.

கேபிள் நுனியில மாட்டுற லக்கை சுத்தியல்ல தட்டாதீங்க, ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி வெச்சு அமுக்கணும். பிளஸ் பக்கத்துல பேட்டரியை ஒட்டி கட்-ஆஃப் சுவிட்ச் கட்டாயம். ஏன் இவ்வளவு சொல்றேன்னா, என் மச்சான் வண்டிக்கு ஒரு இடத்துல வின்ச் மாட்டினாங்க. பிளஸ் கேபிள் சேஸ் ஓரத்துல உரசுற மாதிரி விட்டுட்டாங்க, கட்-ஆஃப் இல்லை. ஆறு மாசத்துல ரப்பர் தேய்ஞ்சு, நின்னுட்டிருந்த வண்டி தன்னால புகைஞ்சுது. பக்கத்துல ஆள் இருந்ததால பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி வண்டியைக் காப்பாத்தினோம். வின்ச் கேபிளுக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது, நினைவுல வெச்சுக்குங்க.

அப்புறம், வண்டியில எங்க ஆர்க் வெல்டிங் வெச்சாலும் முதல்ல பேட்டரி இணைப்பைக் கழற்றணும். எஞ்சின் கம்ப்யூட்டர் போயிட்டா வின்ச் செலவை விட அதிகம்.

வைகைக்கரை வக்கீல்

ரோட்டில் பிடிப்பார்களா என்ற மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்த மூல விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இரும்பு பம்பர் இதில் தனி விஷயம். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் புல் பார், கிராஷ் கார்டு மாட்டிய வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மோதினால் நடந்துபோகிறவர்களின் காலையும் மார்பையும் அந்த இரும்பு நொறுக்குகிறது என்பதே காரணம். என் கட்சிக்காரர் ஒருவரின் மகன் அப்படித்தான் கால் இழந்தான். ஆகவே, சகோதரி, இரும்பு பம்பர் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

அவிநாசி ரோடு பட்டறை

வக்கீல் சார் சொல்றது சரிங்க. நானும் பைப் பம்பர் அடிக்கறதை நிறுத்தி வருஷமாச்சு. ஆனா வின்ச்சை கம்பெனி பம்பருக்குப் பின்னாலேயே ஒளிச்சு வைக்கலாம். பிளாஸ்டிக் பம்பர் அப்படியே இருக்கும். நடுவுல ரோப் வர்ற வாய் மட்டும் தெரியும்.

வைகைக்கரை வக்கீல்

ஐயா, வெளியே தெரியாததால் அது மாற்றம் இல்லை என்று ஆகிவிடாது. பின்னால் இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 தார் குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது, மாற்றாத முன்பகுதியோடு. இரண்டு சேஸ் நுனிகளையும் தடித்த தகட்டால் கட்டினால் மோதலில் முன்பகுதி மடங்கும் விதம் மாறாதா?

அவிநாசி ரோடு பட்டறை

மாறுங்க. மறைக்க மாட்டேன். சேஸ் நுனியும் பம்பர் பீமும் மோதும்போது மடங்கி வேகத்தை வாங்கிக்கத்தான் இருக்கு. ஏர்பேக் சென்சாரும் அந்த மடிப்பை வெச்சுத்தான் முடிவெடுக்குது. தகட்டை எவ்வளவு பின்னுக்குத் தள்ளி வெக்க முடியுமோ அவ்வளவு தள்ளணும், சென்சார் இருக்கிற இடத்தைத் தொடவே கூடாது. அப்படியும் கம்பெனி வண்டி மாதிரி இருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நெடுஞ்சாலையில தினம் 100ல போற வண்டிக்கு நான் வின்ச் மாட்டறதில்லைங்க. தோட்டத்து வண்டின்னா மாட்டுவேன்.

மிளகுக்கொடி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் யோசித்து அப்பாவோடும் பேசினேன். எங்களிடம் பழைய சின்னக் கார் ஒன்று இருக்கு. அதைத் தார் ரோட்டு முனையில் சொந்தக்காரர் கொட்டகையில் நிறுத்திக்கொள்கிறோம். தார் வண்டி தோட்டப் பாதையில் மட்டும் ஓடும். பாதை முழுக்க எங்களுடையதும் பக்கத்துத் தோட்டக்காரருடையதும்தான், காட்டு எல்லைக்குள் போகாது. போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கிறேன். பதில் வராமல் ரோட்டில் இறக்க மாட்டேன். காப்பீட்டுக்காரருக்கும் கூடுதல் மின் சாமான் என்று எழுதிக் கொடுத்தாச்சு.

பட்டறை அண்ணா, வண்டியை அவிநாசி ரோடு வரைக்கும் கொண்டுவர முடியாது. நீங்கள் சொன்னதை அச்செடுத்து இங்கே வத்தலக்குண்டில் வேறொரு பட்டறையில் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்துவிட்டு, "குழாய்த் துண்டு வெக்கச் சொன்னவர் வேலை தெரிஞ்சவர்" என்றார். அவரிடமே கொடுக்கிறேன்.

சூரியநெல்லி ஜீப்பு

நான் கொழுக்குமலைக்கு ஜீப்பு ஓட்டுறவன். அந்த எஸ்டேட்டு தேனி மாவட்டம், ஆனா பாதை எங்க ஊரு வழியாத்தான். 2,400 மீட்டர் உசரம் கிட்ட, கல்லும் பள்ளமும். எங்க வண்டி எதிலயும் வின்ச் கிடையாது. டிர்ஃபர் வெச்சிருக்கோம், கரண்டு ஆபீஸ்காரங்க போஸ்ட் நட வெச்சிருப்பாங்களே, கைப்பிடி தள்ளித் தள்ளி இழுக்கிறது. மெதுவா இழுக்கும், ஆனா பேட்டரி கேக்காது. வின்ச் மாட்டினாலும் ஒரு டிர்ஃபர் தோட்டத்துல போட்டு வைங்க தங்கச்சி. வின்ச் முன்னாடி மட்டுந்தான் இழுக்கும். ஓடையில மூக்கு குத்தி நின்னா பின்னால இழுக்கத்தான் வேணும்.

மரம் பாத்துக் கட்டுங்க. காப்பிக்காட்டுல நெழலுக்கு முள்முருங்கை நிப்பாட்டியிருப்பீங்க, அது பஞ்சு மாதிரி மெதுவான மரம், அதுல கட்டாதீங்க. பலா, தோதகத்தி இருந்தா அதுல, தரையை ஒட்டி அடியில கட்டணும். பெல்ட்டு அகலமானது வேணும். ஒயர் ரோப்பை மரத்துல சுத்தி அதுமேலேயே கொக்கி போடுற ஆளுங்களைப் பாத்திருக்கேன். ரோப்பும் போச்சு, மரமும் போச்சு.

அதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு. அந்தச் செம்மண் ஏத்தத்துல தண்ணி எந்தப் பக்கம் ஓடுது? பாதை மேலேயே ஓடுதுன்னா மேல் ஓரத்துல வாய்க்கால் வெட்டித் திருப்புங்க, சக்கரத் தடத்துல கல்லு பாவுங்க. நாலு ஆள் மூணு நாள் வேலை.

மிளகுக்கொடி

அண்ணா, தண்ணீர் பாதை மேலேயேதான் ஓடுது. இத்தனை வருஷமா யாருக்கும் தோணலை. ஆள் சொல்லியிருக்கேன்.

பட்டறையில் இன்று வின்ச்சை உட்கார வைத்துப் பார்த்தார்கள், மூன்று சிக்கல். ஒன்று, டிரம்மை விடுவிக்கும் கிளட்ச் கைப்பிடி பம்பருக்குள்ளே மாட்டிக்கொண்டு கையே போகவில்லை. இரண்டு, இந்தத் தகட்டில் ரோப் டிரம்மின் மேல்பக்கமாக வந்தால் வாய்க்கு நேராக இருக்கிறது, அடியில் வந்தால் வளைந்து வருகிறது. மேல்பக்கமாகவே சுற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். மூன்று, வின்ச் ரேடியேட்டர் காற்றை மறைக்குமோ என்று எனக்குப் பயம்.

அவிநாசி ரோடு பட்டறை

இரண்டாவதுக்கு முதல்ல பதில், மேல்பக்கமா சுத்தவே கூடாதுங்க! இந்த மாதிரி வின்ச்சுல பிரேக் டிரம்முக்குள்ளே இருக்கு, அது ஒரு பக்கச் சுழற்சிக்குத்தான் பிடிக்கும். ரோப் அடியிலிருந்து வர்ற மாதிரி செஞ்சது. மாத்திச் சுத்தினா இழுக்கும், பாரத்தை நிறுத்திப் பிடிக்காது. ஏத்தத்துல வண்டி பின்னால ஓடிடும். தகட்டை இறக்குங்க, இல்லை வாயை இறக்குங்க.

கிளட்ச் கைப்பிடி சுலபம். கியர்பெட்டியைப் பிடிச்சிருக்கிற சுத்துப் போல்ட்டுகளைக் கழற்றி, பெட்டியைத் திருப்பி, கைப்பிடி மேல வர்ற மாதிரி மறுபடி மாட்டலாம். உங்க வின்ச் கையேட்டுல அனுமதி இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்கும். உள்ளே கிரீஸ்ல மண் படாம செய்யணும்.

காத்துக்கு, வின்ச்சுக்கும் பின்னாடி இருக்கிற கூலருக்கும் நடுவுல எவ்வளவு இடம் கிடைக்குதோ அவ்வளவு நல்லது. மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து விடுற ரிலே பெட்டியை வின்ச் மேலேயே வைக்காம பிரிச்சு எஞ்சின் பக்கம் உயரத்துல மாட்டுங்க. காத்தும் வரும், ஓடைத் தண்ணியும் படாது.

மஞ்சள் ஜிப்ஸி

ரோப் பற்றிப் பேசாமல் இருக்கிறோம். மிளகுக்கொடி, ஒயர் ரோப்பை மாற்றிவிடுங்கள் என்பேன். இரும்பு ரோப் பாரத்தில் அறுந்தால் சாட்டை மாதிரி வரும். நான் ஜிப்ஸியின் பேனட்டில் அந்தத் தழும்போடு பல வருஷம் ஓட்டினேன். ஒரு அடி தள்ளி ஆள் நின்றிருந்தான். செயற்கை இழைக் கயிறு அறுந்தால் அந்த வேகத்தோடு வராது. எடையும் மிச்சம்.

அவிநாசி ரோடு பட்டறை

ஜிப்ஸி அண்ணா, தோட்டத்து வண்டிக்கு நான் இரும்புதான் சொல்வேன். செம்மண் துகள் இழைக்குள்ள புகுந்து உள்ளேயே அறுக்கும், வெயில்ல நரைக்கும். சூடும் ஆகாது, 150 டிகிரிக்குள்ள உருகிடும். டிரம்முக்குள்ள பிரேக் இருக்கிற வின்ச்சுல பாரத்தோட இறக்கினா டிரம்மே கொதிக்கும். பாறையில உரசினா அவ்வளவுதான்.

மஞ்சள் ஜிப்ஸி

நீங்கள் சொல்லும் குறை எல்லாம் உண்மை. அதெல்லாம் கயிற்றைக் கெடுக்கும் குறைகள், இரும்பின் குறை ஆளைக் கெடுக்கும். அந்த ஏற்றத்தில் இழுக்கும்போது பக்கத்தில் நிற்கப்போவது வயதான அப்பாவும் ராத்திரி வேளையில் வந்து உதவும் தோட்டத்து ஆட்களும். மழை முடிந்ததும் கயிற்றை முழுக்க அவிழ்த்து வாளித் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடட்டும், வருஷத்துக்கு ஒருமுறை. டிரம்மை ஒட்டிய முதல் அடுக்குக்குச் சூடு தாங்கும் உறை போட்ட கயிறாக வாங்கட்டும். இரும்பு ஓடிய ரோலர் வாய் மட்டும் வேண்டாம், அதில் இருக்கும் பிசிறு கயிற்றைச் சீவிவிடும். வழவழப்பான அலுமினிய வாய் போடுங்கள்.

எதைப் போட்டாலும் டிரம்மில் கடைசிச் சுற்றுகளை மிச்சம் வையுங்கள். இரும்புக்கு 5 சுற்று, கயிற்றுக்கு 10. நுனியைப் பிடித்திருக்கும் அந்தச் சின்னத் திருகு பாரம் தாங்காது, சுற்றுகளின் உராய்வுதான் தாங்கும்.

மிளகுக்கொடி

அப்பாவைச் சொன்ன பிறகு எனக்கு வேறு யோசனை இல்லை. கயிறும் அலுமினிய வாயும் வாங்கியாச்சு.

வேலை முடிந்தது. 6 மில்லி தகட்டை 40 மில்லி கீழே இறக்கி மறுபடி வெட்டினார்கள். பெரியவர் முதல் தகட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்திக் கொடுத்தேன். தகடு, வின்ச், கயிறு, வாய், கேபிள் எல்லாம் சேர்த்து எடைபோட்டால் 62 கிலோ. முன் சக்கர வளைவு தரையிலிருந்து 14 மில்லி இறங்கியிருக்கு. ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா? இன்னொரு சந்தேகம், இழுக்காமல் வெறுமனே சுற்றினால் 70 ஆம்பியர் காட்டுது, சரியா?

50 ஸ்கொயர்

வெறும் சுத்துக்கு 70 சரிதான். 150 காட்டினா தகடு கோணல்னு அர்த்தம்.

அவிநாசி ரோடு பட்டறை

62 கிலோ முன் அச்சுக்கும் முன்னால தொங்குது பாருங்க. அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளின்னா, 2,450 மில்லி சக்கர இடைவெளிக்கு முன் அச்சுல 77 கிலோ ஏறும், பின் அச்சுல 15 கிலோ குறையும். தராசு மாதிரிதான். 14 மில்லிக்கு ஸ்பிரிங் மாத்த வேண்டாம். வீல் அலைன்மென்ட் பாருங்க, ஹெட்லைட் மட்டத்தைச் சரி பண்ணுங்க. 500 கிலோமீட்டர் ஓடினதும் எல்லாப் போல்ட்டையும் இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் வெச்சு மறுபடி பாருங்க. போல்ட் தலையில இருந்து தகடு வரைக்கும் பெயிண்ட் கோடு ஒண்ணு போட்டு வெச்சா, நகர்ந்தாக் கண்ணுக்கே தெரியும்.

மஞ்சள் ஜிப்ஸி

முதல் வேலையாக, புதுக் கயிற்றை முழுக்க அவிழ்த்து (அந்த 10 சுற்று நீங்கலாக), லேசான ஏற்றத்தில் வண்டியின் எடையே பாரமாக இருக்க, வின்ச்சால் அதை மேலே இழுத்துக்கொண்டே அடுக்கடுக்காகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய கயிறு பாரம் வந்ததும் கீழ் அடுக்குக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும்.

இழுக்கும்போது ரோப் நேர்கோட்டுக்குப் பக்கவாட்டில் அதிகம் சாயாமல் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ரோப் மேல் நடுவில் ஒரு கனமான சாக்கோ போர்வையோ போடுங்கள். கையுறை. ரோப்பைத் தாண்டி யாரும் போகக் கூடாது, கப்பி போட்டால் அந்த முக்கோணத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. இதை ஆட்களிடம் பகலில், காய்ந்த நாளில், ஒருமுறை செய்து காட்டுங்கள். ராத்திரியில் மழையில் சொல்லிக்கொடுக்க முடியாது.

மிளகுக்கொடி

செய்து காட்டினேன். தோட்டத்து ஆட்கள் ஐந்து பேரும் ஆளுக்கு ஒருமுறை கப்பி மாட்டினார்கள். அதில் மூன்று பேர் பெண்கள், அவர்கள்தான் ஷேக்கிள் (ரோப்பை மாட்டும் இரும்பு வளையம்) முள்ளை இறுக்கிவிட்டுக் கால் சுற்று திருப்பித் தளர்த்த மறக்காதவர்கள்.

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் மிளகு மூட்டையோடு வரும்போது அதே செம்மண் ஏற்றத்தில் இடது சக்கரம் இரண்டும் புதைந்தது. மேலே 11 மீட்டரில் பலா. பெல்ட் கட்டி, கப்பி போட்டு, நுனியைச் சேஸ் கொக்கியில் மாட்டினோம். நான்கு தடவை இழுத்து, நான்கு தடவை நிறுத்தினோம். வோல்ட் மீட்டர் 11.6க்குக் கீழே போகவில்லை. பெல்ட் கட்டுவதிலிருந்து கயிற்றைச் சுற்றி முடிப்பது வரை 25 நிமிஷம். அப்பா வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பேனட்டைத் திறந்து பார்த்தேன். பிளஸ் கேபிள் ஒரு இடத்தில் தகட்டு ஓரத்தில் உரசியிருக்கு. ரப்பர் உறை மேல் பளபளவென்று ஒரு கோடு. அந்தத் திருச்சி அண்ணன் எழுதியது நினைவுக்கு வந்து, கட்-ஆஃப்பை அணைத்துவிட்டு, கிளிப்பை நகர்த்தி, ஓரத்துக்கு ரப்பர் பட்டை ஒட்டிவிட்டேன்.

சூரியநெல்லி ஜீப்பு

நல்லது தங்கச்சி. வாய்க்கால் என்னாச்சு?

மிளகுக்கொடி

பாதி வெட்டியாச்சு அண்ணா. இன்று புதைந்தது வெட்டாத பாதியில்தான். மழை விட்டதும் மிச்சம்.